லினக்ஸ் கர்னலில் சொந்தமாக ஒரு சிஸ்டம் கால்: கோட் பத்து வரி, மீதி எல்லாம் பில்ட்

லினக்ஸின் மையமான கர்னலில் சொந்தமாக ஒரு சிஸ்டம் கால் (ப்ரோக்ராம்கள் கர்னலிடம் வேலை கேட்க அழைக்கும் ஃபங்ஷன்) சேர்க்க எழுத வேண்டிய சி கோட் பத்துப் பதினைந்து வரிதான். அந்த வரிகளில் யாரும் பெரிதாக மாட்டுவதில்லை. கான்ஃபிக் கோளாறு, சர்டிஃபிகேட் எரர், டிஸ்க் நிரம்பிப் போவது, என்ன செய்தாலும் பழைய கர்னலே திரும்பத் திரும்ப பூட் ஆவது என்று சுற்றியிருக்கும் வேலைகள்தான் நாளைத் தின்கின்றன. போதாக்குறைக்கு, தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பாதி 3.x, 4.x காலத்துக் கர்னலுக்கு எழுதியவை. அவற்றை வரிக்கு வரி பின்பற்றினாலும் கடைசியில் லிங்க் ஆகாமல் நிற்கும். இதில் எல்லாம் முட்டி மோதி வெளியே வந்தபின் எழுதுகிறேன், உங்களுக்காவது அந்த நேரம் மிஞ்சட்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 64 பிட் எக்ஸ்86 இயந்திரத்துக்கும் 6.x கர்னலுக்கும். கமாண்டுகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிக்கிறபடி தமிழில் கொடுத்திருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. உண்மையிலேயே சிஸ்டம் கால்தான் வேண்டுமா?

பாடத்துக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஒரு டிவைஸுடன் பேசவோ கர்னலிலிருந்து ஒரு மதிப்பை வெளியே எடுக்கவோ மட்டும் என்றால் ஐஆக்டிஎல் (டிவைஸ் கோப்பு வழியாகக் கட்டளை அனுப்புவது) அல்லது சிஸ்எஃப்எஸ் (கர்னல் மதிப்புகளைக் கோப்புகளாகக் காட்டுவது) போதும். அவற்றை மாட்யூலாக, அதாவது ஓடும் கர்னலில் தனியாகச் சேர்க்கும் துண்டாக, எழுதி ரீபூட் இல்லாமலே ஏற்றி இறக்கலாம்.

சிஸ்டம் காலுக்கு அந்த வசதி கிடையாது, கர்னலை முழுதாகக் கம்பைல் செய்தே ஆக வேண்டும். மாட்யூலிலிருந்து சிஸ்டம் கால் டேபிளை (எந்த எண்ணுக்கு எந்த ஃபங்ஷன் என்ற பட்டியல்) பிடித்து மாற்றும் தந்திரம் ஒன்று பல இடங்களில் சுற்றுகிறது. அதை நம்பி இறங்காதீர்கள். அந்த டேபிளை மாட்யூல்களுக்கு எக்ஸ்போர்ட் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்86-ல் 6.9 முதல் கர்னல் அந்த டேபிளைப் பார்த்து அழைப்பதும் இல்லை, ஒரு ஸ்விட்ச் ஸ்டேட்மென்ட் வழியாகத்தான் போகிறது.

2. இடம், மெமரி, பேக்கேஜ்கள்

பணச் செலவு எதுவும் இல்லை. செலவாவது டிஸ்க்கும் மெமரியும் நேரமும்தான்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் செய்வதாக இருந்தால் 40 ஜிபி டிஸ்க், 4 ஜிபி மெமரிக்குக் குறையாமல் கொடுங்கள். 2 ஜிபி கொடுத்தால் கம்பைல் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், கடைசியில் விஎம்லினக்ஸ் (முழுக் கர்னல் கோப்பு) லிங்க் ஆகும்போது 'கில்டு' என்று ஒரே சொல்லோடு செத்துவிடும். காரணம் மெமரி தீர்ந்ததுதான், உங்கள் கோட் அல்ல.

டெபியன், உபுண்டு வகையில் தேவையான பேக்கேஜ்கள்: பில்ட்-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ், ட்வார்வ்ஸ், அப்புறம் க்யூஎமு (மென்பொருளிலேயே ஒரு கணினியை உருவாக்கி ஓட்டுவது). இதில் லிப்எல்ஃப்பும் ட்வார்வ்ஸும்தான் அடிக்கடி விட்டுப்போகும். ஒன்று இல்லாவிட்டால் பில்ட் ஆரம்பத்திலேயே சொல்லும், இன்னொன்று இல்லாவிட்டால் சில சமயம் கடைசியில்தான் சொல்லும். எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

சோர்ஸை கிட் மூலம் '--டெப்த் 1' போட்டு எடுப்பது நல்லது. முழு வரலாறும் இறங்காது, பிற்பாடு என்னென்ன மாற்றினோம் என்று பார்க்கவும் முடியும். டார் கோப்பாக எடுத்தால் 150 எம்பி அளவுதான் வரும், பிரித்தால் ஒன்றரை ஜிபி ஆகும். எல்டிஎஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படும்) பதிப்பு ஒன்றை எடுங்கள், 6.12 போல.

இங்கே இரண்டு குழிகள். சோர்ஸ் இருக்கும் பாதையில் இடைவெளியோ முக்காற்புள்ளியோ இருக்கக் கூடாது, 'மை ப்ராஜெக்ட்' என்ற ஃபோல்டருக்குள் வைத்தால் மேக் ஓடவே மறுத்துவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பிரித்துப் பார்க்காத டிஸ்க்கிலும் வைக்காதீர்கள். விண்டோஸிலிருந்து பகிர்ந்த ஃபோல்டர், ஆப்பிள் மேக் கணினியின் வழக்கமான டிஸ்க் எல்லாம் இந்த வகைதான். நெட்ஃபில்டர் பகுதியில் எழுத்தின் அளவில் மட்டும் வேறுபடும் கோப்புகள் இருக்கின்றன, பிரிக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும்.

3. எண்ணை முடிவு செய்து டேபிளில் எழுதுங்கள்

முதல் கம்பைலுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். டேபிளைத் தொட்டால் அதிலிருந்து உருவாகும் ஹெடர் கோப்புகள் மாறும், அவற்றை நம்பியிருக்கும் கர்னலின் பெரும்பகுதி மறுபடி கம்பைல் ஆகும். எண்ணை மட்டும் மாற்றப் போய் இன்னொரு முழு பில்டுக்காகக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

கோப்பு: ஆர்ச்/எக்ஸ்86/என்ட்ரி/சிஸ்கால்ஸ்/சிஸ்கால்_64.டிபிஎல். ஒவ்வொரு வரியிலும் நான்கு பத்தி: எண், ஏபிஐ (எந்த வகை ப்ரோக்ராம்களுக்கு என்பது), பெயர், அழைக்க வேண்டிய ஃபங்ஷன். நாம் சேர்க்கும் வரி இப்படி இருக்கும்:

548    காமன்    வணக்கம்    சிஸ்_வணக்கம்

ஏன் 548? கோப்பைத் திறந்தால் 'காமன்' வரிகள் ஓரிடத்தில் முடிந்து, 512 முதல் 547 வரை எக்ஸ்32 (64 பிட் ப்ராசஸரில் 32 பிட் பாயிண்டரோடு ஓடும் ப்ரோக்ராம்களுக்கானவை) என்று தனிக் கூட்டம் தொடங்கும். அந்த எல்லைக்குள் எதையும் எழுதக் கூடாது. 'காமன்' வரிகளின் கடைசி எண்ணுக்கு அடுத்ததை எடுக்கச் சொல்வார்கள் பலர், அதுவும் வேலை செய்யும். ஆனால் 6.12-ல் கடைசி எண் 462, அடுத்ததாக 463-ஐ நீங்கள் எடுத்துக்கொண்டால் 6.13-ல் அதே எண் செட்எக்ஸ்ஏட்டிஆர்ஏடி என்ற உண்மையான சிஸ்டம் காலுக்குப் போயிருக்கும். கர்னலை மாற்றியதும் உங்கள் பழைய டெஸ்ட் ப்ரோக்ராம் சத்தமில்லாமல் வேறு எதையோ அழைக்கும். 547-க்குப் பிறகு கோப்பின் அடியில் எழுதினால் இந்தத் தலைவலி இப்போதைக்கு இல்லை. ஆசிரியர் அடுத்த எண்தான் வேண்டும் என்றால் அவர் சொன்னதைச் செய்யுங்கள், அவ்வளவுதான்.

4.17-லிருந்து 5.6 வரையான கர்னலின் டேபிளில் நான்காவது பத்தி '__எக்ஸ்64_சிஸ்_' என்று தொடங்கும். 5.7 முதல் வெறும் 'சிஸ்_' மட்டும் எழுத வேண்டும், முன்னொட்டை பில்டே ஒட்டிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் மேலே இருக்கும் வரியைப் பார்த்து அதே போல எழுதுங்கள்.

ஆர்ம் இயந்திரத்தில் இருப்பவர்கள் கவனிக்க: இந்தக் கோப்பில் என்ன எழுதினாலும் உங்கள் கர்னலுக்கு ஒன்றும் ஆகாது. ஆர்ம்64-க்கு 6.11 முதல் ஸ்கிரிப்ட்ஸ்/சிஸ்கால்.டிபிஎல். அதற்கு முந்தைய கர்னல் என்றால் இன்க்ளூட்/யூஏபிஐ/ஏஎஸ்எம்-ஜெனரிக்/யூனிஸ்டிடி.ஹெச், அதில் கடைசியில் இருக்கும் மொத்த எண்ணிக்கையையும் மறக்காமல் ஏற்ற வேண்டும்.

4. கோட்

கர்னல் என்ற ஃபோல்டருக்குள் வணக்கம்.சி என்று ஒரு கோப்பை உருவாக்குங்கள். புது ஃபோல்டர் வேண்டாம். பழைய குறிப்புகள் புது ஃபோல்டர் போட்டு, மேல்மட்ட மேக்ஃபைலில் 'கோர்-ஒய்' என்று தொடங்கும் வரியில் அதைச் சேர்க்கச் சொல்லும். 6.1 முதல் அந்தப் பட்டியல் அங்கே இல்லை, கேபில்ட் என்ற கோப்புக்குப் போய்விட்டது. இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே வைத்தால் இந்தத் தேடலே தேவையில்லை.

நம் கால் ஒரு பெயரை வாங்கிக்கொண்டு, கர்னல் லாகில் வணக்கம் சொல்லிவிட்டு, பெயர் எத்தனை பைட் என்று திருப்பித் தரும். மேலே லினக்ஸ்/சிஸ்கால்ஸ்.ஹெச், லினக்ஸ்/யூஅக்சஸ்.ஹெச் இரண்டையும் இன்க்ளூட் செய்யுங்கள். தலைவரி இப்படி:

சிஸ்கால்_டிஃபைன்1(வணக்கம், கான்ஸ்ட் சார் __யூசர் *, பெயர்)

மேக்ரோவின் கடைசியில் உள்ள எண், எத்தனை ஆர்குமென்ட் என்பது. 0 முதல் 6 வரை இருக்கலாம். உள்ளே வகைக்கும் பெயருக்கும் நடுவே காற்புள்ளி வருவதைக் கவனியுங்கள், சாதாரண சி ஃபங்ஷன் போல எழுதினால் படிக்கவே முடியாத எரர் ஒரு பக்கத்துக்கு வரும்.

இந்த மேக்ரோவை விட்டுவிட்டு 'அஸ்ம்லிங்கேஜ் லாங் சிஸ்_வணக்கம்' என்று நேரடியாக எழுதச் சொல்லும் குறிப்பைப் பார்த்தால் அங்கேயே மூடிவிடுங்கள். 4.17 முதல் எக்ஸ்86-ல் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ஒரு உறை ஃபங்ஷன் தேவைப்படுகிறது, அதை உருவாக்குவது இந்த மேக்ரோதான். அது இல்லாவிட்டால் எல்லாம் கம்பைல் ஆகி முடிந்த பிறகு, கடைசியில் லிங்க் ஆகும்போது '__எக்ஸ்64_சிஸ்_வணக்கம்' கிடைக்கவில்லை என்று வரும். அதிகம் பேர் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

உள்ளே என்ன?

முதலில் 64 பைட்டுக்கு ஒரு சார் பஃபர். கர்னல் ஸ்டாக் மொத்தமே 16 கேபிதான், அதனால் இங்கே பெரிய அரே எதுவும் அறிவிக்காதீர்கள். அடுத்து எஸ்டிஆர்என்சிபிஒய்_ஃப்ரம்_யூசர் என்ற ஃபங்ஷனுக்குப் பஃபர், பெயர், பஃபரின் அளவு மூன்றையும் கொடுங்கள். அது திருப்பித் தருவதை ஒரு லாங்கில் வாங்கி மூன்று விதமாகப் பாருங்கள். சுழிக்குக் குறைவா, அப்படியே ரிட்டர்ன் செய்துவிடுங்கள், அதுவே எரர் எண்தான். பஃபரின் அளவுக்குச் சமமா, அப்படியானால் பெயர் நீளம், முடிவில் சுழி பைட் விழவில்லை, மைனஸ் ஈஇன்வேல் ரிட்டர்ன் செய்யுங்கள். இரண்டும் இல்லையா, பிஆர்_இன்ஃபோ மூலம் லாகில் எழுதிவிட்டு அந்த எண்ணை ரிட்டர்ன் செய்யுங்கள்.

'பெயர்' ஒரு பாயிண்டர்தானே, நேரடியாகப் படித்தால் என்ன என்று தோன்றும். அது யூசர் ப்ரோக்ராம் கொடுத்த முகவரி. அந்த இடம் மேப் ஆகாமல் இருக்கலாம், யாராவது வேண்டுமென்றே கர்னலின் முகவரியைக் கொடுத்தும் இருக்கலாம். இன்றைய ப்ராசஸர்களில் ஸ்மாப் பாதுகாப்பு ஓடுவதால், சரியான முகவரியாகவே இருந்தாலும் கர்னல் அதை நேரடியாகத் தொட்டால் ஊப்ஸ், அதாவது கர்னலுக்குள்ளேயே எரர்தான். காப்பி செய்யும் ஃபங்ஷன்களில் இன்னொரு சூட்சுமமும் உண்டு: காப்பி_ஃப்ரம்_யூசர், காப்பி_டு_யூசர் இரண்டும் தோற்றால் எரர் எண்ணைத் தருவதில்லை, காப்பி ஆகாமல் மிஞ்சிய பைட் எண்ணிக்கையைத் தருகின்றன. அதை அப்படியே ரிட்டர்ன் செய்தால் யூசர் பக்கம் வெற்றி போலத் தெரியும். சுழி இல்லையென்றால் மைனஸ் ஈஃபால்ட் என்று நீங்களே எழுத வேண்டும்.

பிஆர்_இன்ஃபோ வரியின் கடைசியில் புதுவரிக் குறியைச் சேர்க்க மறக்காதீர்கள். விட்டால் அடுத்த செய்தி வரும்வரை உங்கள் செய்தி வெளியே தெரியாமல் போகலாம், கால் ஓடவே இல்லை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

5. மேக்ஃபைல், ஹெடர்

கர்னல்/மேக்ஃபைலில் ஒரு வரி: ஓபிஜே-ஒய் += வணக்கம்.ஓ. கடைசியில் வருவது .ஓ, .சி அல்ல.

இன்க்ளூட்/லினக்ஸ்/சிஸ்கால்ஸ்.ஹெச் கோப்பில் மற்ற ப்ரோட்டோடைப்களுக்குப் பக்கத்தில் 'அஸ்ம்லிங்கேஜ் லாங் சிஸ்_வணக்கம்(கான்ஸ்ட் சார் __யூசர் *பெயர்);' சேருங்கள். ஆமாம், சற்றுமுன் வேண்டாம் என்ற அதே சொல்தான், ஆனால் இது அறிவிப்பு மட்டும். எக்ஸ்86-ல் இது இல்லாமலும் பில்ட் ஆகும், முறைக்காகச் சேர்ப்பதுதான்.

6. கான்ஃபிக்: இரண்டு வழி, எளியதை முதலில்

உங்கள் டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை (கர்னலில் எதெல்லாம் சேர வேண்டும் என்ற பட்டியல்) எடுத்துக் கம்பைல் செய்யத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் ஆயிரக்கணக்கான மாட்யூல்கள், உங்களிடம் இல்லாத ஹார்ட்வேருக்கெல்லாம் டிரைவர்கள். சாதாரண லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும், டீபக் தகவலும் சேர்ந்தால் 20 ஜிபிக்கு மேல் விழுங்கும். உங்கள் கால் வேலை செய்கிறதா என்று பார்க்க இது எதுவும் தேவையில்லை.

'மேக் டெஃப்கான்ஃபிக்' என்று அடியுங்கள், போதும். இதில் வரும் கர்னல் க்யூஎமுவில் அப்படியே பூட் ஆகும், கம்பைலும் பல மடங்கு சீக்கிரம் முடியும்.

சொந்த மெஷினிலோ முழு விர்ச்சுவல் மெஷினிலோ நிறுவித்தான் காட்ட வேண்டும் என்றால், பூட் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் கோப்பை .கான்ஃபிக் என்ற பெயரில் சோர்ஸுக்குள் காப்பி செய்து, 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுங்கள். இப்போது லோடாகியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். அதனால் யூஎஸ்பி, வைஃபை என்று வேண்டியதையெல்லாம் முதலில் செருகி இயக்கிவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் புதுக் கர்னலில் அவை இருக்காது. பிறகு மூன்று மாற்றம்:

சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் இரண்டின் மதிப்பையும் வெற்று மேற்கோளாக மாற்றுங்கள். உபுண்டு கான்ஃபிக்கில் இவை உங்களிடம் இல்லாத .பெம் கோப்புகளைக் காட்டிக்கொண்டிருக்கும், பில்ட் 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று நிற்கும். ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் என்ற கருவியில் '--செட்-எஸ்டிஆர்' கொடுத்து மாற்றலாம்.

மெனுகான்ஃபிக்கில் போய் டீபக் தகவலை அணைத்துவிடுங்கள். டிஸ்க்கும் நேரமும் பாதியாவது மிஞ்சும்.

லோக்கல்வெர்ஷனில் '-வணக்கம்' போல ஏதாவது ஒட்டுங்கள். எந்தக் கர்னல் ஓடுகிறது என்று யூநேம் -ஆர் பார்த்ததும் தெரியும்.

7. கம்பைல்

'மேக் -ஜே' போட்டு எத்தனை கோர் இருக்கிறதோ அந்த எண்ணைக் கொடுங்கள். எரர் வந்தால் கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை, பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் உண்மையான எரர் மேலே எங்கோ புதைந்திருக்கும். அப்போது -ஜே இல்லாமல் மறுபடி மேக் கொடுங்கள், முடிந்தவை திரும்ப ஓடாது, தவறான இடத்தில் நேராக வந்து நிற்கும். எரர் வந்ததும் 'மேக் கிளீன்' அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டி வரும். முதல் முறைதான் நேரம் பிடிக்கும், அதற்குப் பிறகு வணக்கம்.சியை மட்டும் மாற்றினால் சீக்கிரமே லிங்க் வரை வந்துவிடும்.

முடிந்தால் ஆர்ச்/எக்ஸ்86/பூட்/பிஇஸட்இமேஜ் என்ற கோப்பு தயார்.

8. டெஸ்ட் ப்ரோக்ராம்

தனியாக ஒரு சி கோப்பு. யூனிஸ்டிடி.ஹெச், சிஸ்/சிஸ்கால்.ஹெச், எர்ர்நோ.ஹெச், எஸ்டிடிஐஓ.ஹெச். உள்ளே சிஸ்கால்(548, "அன்பு") என்று அழைத்து, வந்த எண்ணையும் எர்ர்நோவையும் அச்சிடுங்கள். '__என்ஆர்_வணக்கம்' என்ற பெயரைப் பயன்படுத்தப் பார்த்தால் கம்பைலருக்குத் தெரியாது, அது படிப்பது சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஹெடரை. எண்ணையே நேரடியாகக் கொடுங்கள்.

மூன்று சோதனை வையுங்கள். "அன்பு" கொடுத்தால் 15 வர வேண்டும். மூன்று எழுத்துக்கு 15 எப்படி என்றால், யூடிஎஃப்-8-ல் அ, ன, புள்ளி, ப, உகரக் குறி என்று ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட். 64 பைட் பஃபர் தமிழ்ப் பெயருக்கு எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பதும் இதிலேயே தெரியும். நல் பாயிண்டர் கொடுத்தால் மைனஸ் 1 வந்து எர்ர்நோ 14 ஆக வேண்டும், அது ஈஃபால்ட். மிக நீளமான பெயருக்கு எர்ர்நோ 22. எதைக் கொடுத்தாலும் 38 வந்தால் அது ஈநோசிஸ். உங்கள் கோடில் பிழை தேட வேண்டாம், பழைய கர்னல் ஓடுகிறது அல்லது எண் தவறு.

9. பூட்

க்யூஎமு வழியில் டிஸ்க் இமேஜ்கூட வேண்டாம். டெஸ்ட் ப்ரோக்ராமை -ஸ்டாடிக் கொடுத்துக் கம்பைல் செய்து அதற்கே 'இனிட்' (கர்னல் முதலில் ஓட்டும் ப்ரோக்ராம்) என்று பெயர் வையுங்கள் (சில டிஸ்ட்ரோவில் ஸ்டாடிக் ஜிலிப்சிக்குத் தனி பேக்கேஜ்). அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குள் போய் சிபிஐஓ -ஓ -ஹெச் நியூசி மூலம் கட்டி ஜிஜிப் செய்யுங்கள். வெளியே நின்றுகொண்டு முழுப் பாதையோடு கட்டினால் கர்னலுக்கு இனிட் தெரியாது, 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' என்று பேனிக் ஆகும், அதாவது கர்னலே நின்றுவிடும்.

பிறகு க்யூஎமுவுக்கு -கர்னல் பிஇஸட்இமேஜ், -இனிட்ஆர்டி நீங்கள் கட்டிய கோப்பு, -அப்பெண்ட் "கன்சோல்=டிடிஒய்எஸ்0", -நோகிராஃபிக். சில விநாடியில் கர்னல் செய்திகள் ஓடி, நடுவிலேயே உங்கள் வணக்கமும் 15-உம் தெரியும். ப்ரோக்ராம் முடிந்ததும் 'அட்டெம்ப்டட் டு கில் இனிட்' என்று பேனிக் வந்தால் பதறாதீர்கள், முதல் ப்ராசஸே வெளியேறிவிட்டது என்பதுதான் அதன் புகார். முடிவில் ஒரு முடிவில்லா ஸ்லீப் லூப் போட்டால் வராது. வெளியே வர கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ்.

நிறுவும் வழியில் போகிறவர்கள் முதலில் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 'மேக் இன்ஸ்டால்_மாட்_ஸ்டிரிப்=1 மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்', அடுத்து 'மேக் இன்ஸ்டால்', இரண்டும் சூடோவோடு, இதே வரிசையில். ஸ்டிரிப் கொடுக்காமல் விட்டால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது கர்னலோடு ஏறும் கோப்புத் தொகுப்பு) ஊதிப் பெருத்து பூட் பார்ட்டிஷனையே நிரப்பும். ரீபூட் செய்தும் பழைய கர்னலே வந்தால் கிரப் (எந்தக் கர்னலைப் பூட் செய்வது என்று கேட்கும் ப்ரோக்ராம்) மெனு மறைந்திருக்கிறது என்று அர்த்தம், பூட் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி அட்வான்ஸ்டு ஆப்ஷனில் உங்கள் பெயர் ஒட்டிய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். 'பேட் ஷிம் சிக்னேச்சர்' வந்தால் கையெழுத்திடாத கர்னலைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கிறது, சோதனை மெஷின்தானே, ஃபர்ம்வேரில் அணைத்துவிடுங்கள். பழைய கர்னலை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள்.

உள்ளே வந்ததும் யூநேம் -ஆர், டெஸ்ட் ப்ரோக்ராம், அப்புறம் கர்னல் லாகைக் காட்டும் டீமெசேஜ் கமாண்ட். சில டிஸ்ட்ரோவில் டீமெசேஜுக்கு சூடோ வேண்டும்.

10. செய்ததைப் பத்திரப்படுத்துங்கள்

கோப்புகளை 'கிட் ஆட்' செய்துவிட்டு 'கிட் டிஃப் --கேஷ்டு' வெளியீட்டை ஒரு பேட்ச் கோப்பாக எடுத்து வையுங்கள். ஆட் செய்யாமல் வெறும் டிஃப் எடுத்தால் புதிதாக உருவாக்கிய வணக்கம்.சி அதில் வராது. நான்கு கோப்பு மாற்றம், சில கேபி அளவு. விர்ச்சுவல் மெஷினே போனாலும் வேறொரு கர்னல் சோர்ஸில் கிட் அப்ளை கொடுத்தால் வேலை முடிந்தது, டேபிளிலும் மேக்ஃபைலிலும் அக்கம்பக்கத்து வரிகள் மாறியிருந்தால் மட்டும் அந்த இடத்தைக் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.